வங்குரோத்துக்குப் பின் வீடு: நிலாவெளிக் காணியை இப்போதே விற்க வேண்டுமா?

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கணவர் திருமணத்துக்கு முன்பு கனடாவில் கடன்களைக் கட்ட முடியாமல் வங்குரோத்து அறிவித்தவர் என்றும், சென்ற ஆண்டுதான் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்றும், ஸ்கார்பரோவில் வீடு வாங்குவதற்காக அப்பா நிலாவெளிக் காணியை விற்றுப் பணம் அனுப்ப ஆயத்தமாகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். வீட்டை உங்கள் பெயரில் மட்டும் எழுதி, வங்குரோத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் இப்போது விடுமுறையில் திருகோணமலையில் நிற்பதால், அப்பாவையும் கண்டு பேசிவிட்டே இதை எழுதுகிறேன். வீடு வாங்க முடியும். ஆனால் இன்னும் ஓராண்டாவது பொறுப்பது நல்லது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் மறைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். ஒருவருடைய வங்குரோத்து அவரோடு நிற்கும்; மனைவியின் கிரெடிட் பதிவில், அதாவது கடன் வாங்கிக் கட்டிய வரலாற்றில், அது ஏறாது. அந்த அளவில் உங்களுக்குச் சொல்லப்பட்டது சரி. ஆனால் உங்கள் பெயரில் மட்டும் வாங்கினாலும், கணவனும் மனைவியும் குடியிருக்கும் வீட்டை, ஸ்கார்பரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தில் ஒருவர் தனியாக ஈடு வைக்க முடியாது; மற்றவருடைய சம்மதக் கையெழுத்தைச் சட்டத்தரணி கேட்டு வாங்குவார். அதைவிட, உங்கள் ஒருவருடைய சம்பளத்துக்கு வங்கி தரும் தொகை ஸ்கார்பரோ விலைகளுக்குப் போதாது. அவருடைய வருமானமும் வேண்டுமென்றால் அவரும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்; விண்ணப்பத்திலே முன்பு வங்குரோத்து அறிவித்ததுண்டா என்ற கேள்வி இருக்கும். அதற்குப் பொய் எழுதுவது குற்றம். 1978 முதலான வங்குரோத்துப் பதிவுகள் மத்திய அரசிடம் உள்ளன. சிறு கட்டணத்துக்கு எவரும் தேடிப் பார்க்கலாம்.

முதல் வங்குரோத்து என்றால், அரசு வகுத்த அளவுக்கு மேலான மேலதிக வருமானம் இல்லாதவர் 9 மாதத்தில் தானாகவே விடுவிக்கப்படுகிறார். இருப்பவருக்கு 21 மாதம். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கிரெடிட் பதிவுகளை வைத்திருக்கும் இரண்டு நிறுவனங்களில், விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து ஈக்குவிபாக்ஸில் 6 ஆண்டுகளும், ஒன்ராறியோவாசிகளுக்கு ட்ரான்ஸ்யூனியனில் 7 ஆண்டுகளும் அது பதிவில் நிற்கும். அவ்வளவு காலமும் வீடு கிடையாது என்று பயப்பட வேண்டாம். பெரிய வங்கிகளும், மோட்கேஜ் எனப்படும் வீட்டுக் கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் காப்புறுதி நிறுவனங்களும் வழக்கமாக எதிர்பார்ப்பது, விடுவிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கடந்திருப்பதையும், அந்த இரண்டு ஆண்டுகளில் குறைந்தது இரண்டு கடன் கணக்குகள் ஒரு நாளும் தவறாமல் கட்டப்பட்டிருப்பதையுமே. அவர் இதுவரை கடனட்டை எதுவும் எடுக்கவில்லை என்றால், வைப்புப் பணம் கட்டிப் பெறும் கடனட்டை ஒன்றை இந்த மாதமே எடுக்கட்டும். வங்குரோத்தில் பணத்தை இழந்த வங்கி தன் உள் பதிவேட்டில் அதை நெடுங்காலம் வைத்திருக்கும் என்பதால், அந்த வங்கிக்குப் போகாமல் வேறொன்றுக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

விடுவிப்புச் சான்றிதழையும் கடன் தந்தோர் பட்டியலையும் அவருடைய வங்குரோத்தை நடத்திய ட்ரஸ்டியிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நிறுவனங்களின் கிரெடிட் அறிக்கைகளையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். வங்குரோத்தில் அடங்கிய கணக்குகள் அனைத்தும் மீதி பூச்சியம் என்று காட்ட வேண்டும். தீர்ந்துபோன கடனட்டை ஒன்று இன்னும் நிலுவை என்று அங்கே கிடப்பது சர்வசாதாரணம். சான்றிதழின் பிரதியை அனுப்பினால் திருத்துவார்கள். மோட்கேஜ் முகவரிடம் போவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

இனிப் பணக் கணக்கு. 700,000 டொலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். முதல் 500,000 டொலருக்கு 5 வீதமும் மிச்சத்துக்கு 10 வீதமுமாகக் குறைந்தபட்ச முற்பணம் 45,000 டொலர். (2024 டிசம்பர் 15 முதல் 1.5 மில்லியன் டொலருக்குக் குறைந்த வீடுகளுக்கெல்லாம் இந்தக் கணக்குப் பொருந்தும்.) 20 வீதத்துக்குக் குறைவாகக் கட்டுவதால் காப்புறுதி கட்டாயம்; 25 ஆண்டுத் தவணையில் 655,000 டொலர் கடனுக்கு 4 வீதம், அதாவது 26,200 டொலர், கடனோடு சேரும். ஆனால் அதற்கு ஒன்ராறியோ அறவிடும் 8 வீத விற்பனை வரி 2,096 டொலரைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதைப் பலர் கடைசி வாரத்தில்தான் அறிகிறார்கள். வீட்டை எழுதி முடிக்கும்போது வரும் முடிவுச் செலவுகளுக்கென்று விலையில் 1.5 வீதம் தனியே இருப்பதையும் காட்ட வேண்டும். வங்கி தரும் வட்டியோடு 2 வீதம் கூட்டியோ, 5.25 வீதத்திலோ, எது கூடவோ அதில் உங்களால் கட்ட முடியுமா என்றும் பார்ப்பார்கள்.

முற்பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்களுடைய ஆட்கள் அதிகம் இடறும் இடம். கடைசி 90 நாள் வங்கிக் கூற்றுகளைக் கேட்பார்கள். அதற்குள் திடீரென்று விழுந்த ஒவ்வொரு பெரிய தொகைக்கும் விளக்கமும் தாளும் வேண்டும். வங்கிக்கு வெளியே ஆள்மாறி வரும் உண்டியல் பணத்துக்குத் தாள் கிடையாது. சீட்டு எடுத்த பணமும் வங்கியின் கண்ணில் யாரோ தந்த கைமாற்றுக் கடன் மாதிரித்தான் தெரியும். அப்பா அனுப்புவதானால் விற்பனை உறுதிப் பத்திரத்தின் பிரதி, அவருடைய வங்கிக் கணக்கில் பணம் விழுந்த பதிவு, வங்கி வழியாக உங்கள் கணக்குக்கு வந்த பதிவு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கையெழுத்திட்ட நன்கொடைக் கடிதம் ஆகிய நான்கும் ஒரே தொகையைச் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து வெளியே அனுப்பும் பணத்துக்கு உள்ள வரம்பு காலத்துக்குக் காலம் மாறுகிறது. விற்பதற்கு முன்பே அப்பா தன் வங்கியில் அதைக் கேட்டறிய வேண்டும். விற்ற பிறகு அனுப்ப முடியாமல் போனால் காணியும் இல்லை, வீடும் இல்லை.

அப்பா எனக்குக் காட்டிய தாள்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. முன்பக்கத்து வளவுக்கு நொத்தாரிசு முடித்த உறுதி இருக்கிறது. பின்பக்கத்துத் துண்டு, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பேமிட் காணி. பேமிட் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி விற்க முடியாது. வாங்க வருகிறவர் இரண்டுக்கும் சேர்த்து விலை பேசுகிறார் என்பதால் இது லேசில் முடியாது. உறுதியோடு இருக்கும் நில அளவைப் படமும் மடிப்புகளில் கிழிந்து, கிழக்கு எல்லையின் அளவு வாசிக்க முடியாமல் இருக்கிறது. நீங்கள் காத்திருக்கும் ஓராண்டில் இவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கென்று தனியார் கடன்காரர்கள் இருக்கிறார்கள். வட்டி 10 வீதத்தைத் தாண்டுவதும் உண்டு. கடன்காரருக்கு ஒரு கட்டணம், முகவருக்கு ஒரு கட்டணம், ஓராண்டு முடிய நீடிப்பதற்கு மறுபடியும் கட்டணம். உங்களுக்கு அது தேவையில்லை. அதற்குப் பதிலாக, இருவரும் கையில் காசாகச் சம்பளம் வாங்கும் வேலைகளைத் தவிர்த்து வரிக் கணக்கை ஒழுங்காகக் காட்டுங்கள். இரண்டு ஆண்டுகளின் வரி மதிப்பீட்டுத் தாள்களைக் கேட்பார்கள். நீங்கள் இதுவரை சொந்த வீடு வைத்திருக்காதவர் என்பதால், முதல் வீட்டுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கை உங்கள் பெயரில் திறக்கலாம். ஆண்டுக்கு 8,000 டொலர் வரை அதில் போடலாம்.

காணிக்கு முற்பணம் வாங்கி ஒப்பந்தம் எழுத வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வாங்குபவர் அவசரப்படுத்துகிறார் போலிருக்கிறது. நீங்களும் இன்றைக்கே ஒரு தரம் தொலைபேசியில் அவரோடு பேசுங்கள்.