சி.டி.4 540 என்றால் எய்ட்ஸா?

கேள்வி: என் தம்பி போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர். எட்டு மாசம் வடக்கே இருந்துவிட்டு வந்தவனுக்கு, குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்த்ததில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. சி.டி.4 540 என்று எழுதியிருக்கிறார்கள். பங்காளி வீட்டில் எல்லாம் 'எய்ட்ஸ் வந்துருச்சு' என்கிறார்கள். அவனோ 'எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா' என்று மாத்திரை வாங்கப் போக மாட்டேன் என்கிறான். யார் சொல்வது சரிங்க?
– ஒரு அக்கா, திருச்செங்கோடு

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தவறு. உங்கள் தம்பிக்கு இருப்பது எச்.ஐ.வி. தொற்று, எய்ட்ஸ் இல்லை. அதற்காக ஒன்றுமில்லை என்று விடவும் கூடாது.

எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். வெள்ளை அணுக்களில் சி.டி.4 என்று ஒரு வகை உண்டு. எந்த நோய்க்கிருமி உள்ளே வந்தாலும் மற்ற அணுக்களைக் கூட்டி எதிர்க்க வைப்பது அதன் வேலை. எச்.ஐ.வி. அந்த அணுவுக்குள்ளேயே புகுந்து, பெருகி, அதை அழிக்கிறது. நலமாக உள்ள பெரியவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 சி.டி.4 அணுக்கள் இருக்கும். அது 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. எண்ணிக்கை அதற்கு மேலே இருந்தாலும், நுரையீரலுக்கு வெளியே பரவிய காசநோய், கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல், உணவுக்குழாய்க்குள் இறங்கிய வெண்பூஞ்சை போன்றவற்றில் ஒன்று வந்துவிட்டால் அதுவும் எய்ட்ஸ்தான். 'எய்ட்ஸ் டெஸ்ட்' என்று தனியாக ஒன்று கிடையாது.

மருந்தே எடுக்காவிட்டால், தொற்றிய நாளிலிருந்து எய்ட்ஸ் வரை பெரும்பாலோருக்கு எட்டுப் பத்து வருடம் ஆகும். சிலருக்கு இரண்டு மூன்று வருடமே. அதுவரை ஆள் திடமாகத்தான் தெரிவார். உள்ளே எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருக்கும், துணைக்கும் பரவும். உங்கள் தம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப் போங்கள். மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்து உறுதி செய்வார்கள். பிறகு எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிந்து, கூட்டு மருந்தை இலவசமாகத் தருவார்கள். 2017 முதல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. ஆறாவது மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் பரவாது. மனைவிக்கும் பரிசோதனை அவசியம். கடைசியாகச் சேர்ந்திருந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், இப்போது 'இல்லை' என்று வந்தாலும் பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ரிக் வண்டிக்காரர்களுக்குப் பெரிய தொல்லை, பாதி வழியில் மாத்திரை தீர்ந்துபோவது. ரத்தத்தில் மருந்து குறைந்த நாட்களில் கிருமி மறுபடி பெருகும். அரைகுறை மருந்துக்கு நடுவே பெருகும்போதுதான் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகிறது. வண்டி கிளம்பும் தேதியை முன்கூட்டியே மையத்தில் சொன்னால் கூடுதல் மாத்திரை கேட்டு வாங்கலாம். வெளிமாநிலத்திலும் ஏ.ஆர்.டி. மையங்கள் உண்டு, சிகிச்சைப் புத்தகம் கையோடு இருக்கட்டும். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி மருந்து குடிப்பவர் என்றால், அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ இந்த மாத்திரையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் டோலுடெக்ராவிர் உடலில் சேராது.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு சி.டி.4 90. நுரையீரலில் டி.பி. வேறு. டி.பி. மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டு, எச்.ஐ.வி. மாத்திரை பத்து நாள் கழித்து என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா? எய்ட்ஸ் வந்தால் அவ்வளவுதானுங்களா?
– பெயர் வேண்டாம், பெருந்துறை

பதில்: இல்லைங்க அம்மா, முறையாகத்தான் செய்கிறார்கள். டி.பி. மருந்தை முதலில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்தைச் சேர்ப்பதுதான் வழக்கம். கூட்டு மருந்தால் எதிர்ப்பு சக்தி திடீரென்று விழிக்கும்போது, பதுங்கியிருந்த டி.பி.க்கு எதிராக வேகமாகக் கிளம்பும். காய்ச்சல் ஏறும், கழுத்தில் கட்டி வீங்கும். முதல் சில வாரங்களில் அப்படி வந்தால் 'மருந்து ஒத்துக்கலை' என்று நிறுத்தாமல் உடனே மையத்துக்குப் போங்கள். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். அதனால் 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் 50 தனியாகத் தருவார்கள். தரவில்லை என்றால் கேளுங்கள்.

எய்ட்ஸ் நிலையிலிருந்து மீண்டவர்கள் ஏராளம். டி.பி. குணமாகும், சி.டி.4 மெல்ல ஏறி 200-ஐத் தாண்டும், வேலைக்கும் போகலாம். கிருமி மட்டும் சில அணுக்களுக்குள் உறங்கிக் கிடக்கும் என்பதால் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். 'வேரோடு எடுத்துவிடுகிறோம்' என்று சொல்லும் எவரையும் நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனி கேன்டீனில் சமைக்கும் அம்மாவுக்கு எச்.ஐ.வி. என்று பேச்சு. நிறுத்திவிடலாமா?
– மேலாளர், திருப்பூர்

பதில்: கூடாது. சமைப்பதால், பரிமாறுவதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால் எச்.ஐ.வி. பரவாது. இதைக் காரணமாக வைத்து வேலையிலிருந்து எடுப்பதும், வேலைக்குச் சேர்க்க இந்தப் பரிசோதனை கேட்பதும் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி தவறு. விரல் வெட்டிக்கொண்டால் கழுவி, பிளாஸ்திரி ஒட்டி வேலையைத் தொடரட்டும்; எந்தச் சமையல்காரருக்கும் அதே விதிதான். அந்தப் பேச்சை இன்னொரு காதுக்குக் கொண்டுபோகாமல் நிறுத்துவதுதான் நீங்கள் செய்ய வேண்டியது.