மரவில்லை இரண்டாகக் கழற்றி எடுத்துப்போகும்படி செய்வது எப்படி?

கேள்வி: டர்பனில் இருக்கிறேன். 40 பவுண்டு இழுவையில் ஒரு மரவில் செய்து, கார் டிக்கியில் போட்டு ஜோகன்னஸ்பர்க் கொண்டுபோக வேண்டும். வில்லைச் செய்துவிட்டு நடுவில் அறுத்து இணைத்தால் தாங்குமா?

இணைப்பு தாங்கும். ஆனால் செய்து முடித்த வில்லை அறுக்கவே கூடாது. முதலில் இணைப்பு, அதன் பிறகுதான் கைகளை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளை) வளைவு பார்த்து இழைக்க வேண்டும். வளைந்து பழகிய வில்லை அறுத்துச் சேர்த்தால் அரை டிகிரி கோணல் போதும், நுனியில் நாண் 7, 8 மிமீ ஒதுங்கி நிற்கும். அப்போது அதைத் திருத்தக் கையில் மரம் மிச்சமிருக்காது.

இணைப்பு என்பது பிடியைச் சுற்றி ஃபைபர் கிளாஸில் (கண்ணாடி நாரில்) செய்யும் ஓர் உறை. அது கீழ்கையோடு ஒட்டியிருக்கும், மேல்கையின் அடிமுனை (முளை) அதற்குள் செருகிக் கழலும். அது எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 28 அங்குலம் இழுத்து நிற்கும் 40 பவுண்டு வில்லின் பிடியில் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் வளைக்கும் திருப்புவிசை வரும். முளை உறைக்குள் 100 மிமீ நுழைந்திருந்தால், உறையின் வாயிலும் அடியிலும் சுமார் 150 கிலோ எடை அழுத்துவதுபோல் இருக்கும். 50 மிமீ மட்டும் நுழைத்தால் அதுவே 300 கிலோ. உறை பிளந்தது, முளை நசுங்கியது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கஞ்சத்தனத்தால்தான்.

ஆகவே உறை 180 மிமீ: மேல்கைக்கு 100, கீழ்கைக்கு 80. கீழ்கையில் அது நிரந்தரமாக ஒட்டியிருக்கும். உறையின் இரு பக்கமும் 25 மிமீ கனமான மரத்தை அப்படியே விட்டு, அதன் பிறகு 60 மிமீ தூரத்தில் பிடியின் கனத்தைக் கையின் கனத்துக்குச் சரிவாக இறக்குங்கள். உறையின் வாயிலேயே மரம் வளையத் தொடங்கினால், அந்த விளிம்பு முதுகுப் பக்க (எய்பவருக்கு எதிர்ப்பக்க) நாரை வெட்டிவிடும். இப்படி நடுவில் 350 மிமீ வளையாத மரம் போய்விடுவதால், சாதாரணமாக 66 அங்குலத்தில் செய்யும் வில்லை இங்கே 70 அங்குலத்தில் (178 செ.மீ.) செய்யுங்கள். கழற்றினால் பாதி 89 செ.மீ. என்று நினைத்துப் பை வாங்கிவிடாதீர்கள். உறை ஒட்டியிருக்கும் துண்டு 99 செ.மீ. வரும்.

மரத்துக்கு, மரக்கடைகளில் இறக்குமதி ஹிக்கரியோ ஆஷோ கிடைத்தால் அதுவே நல்லது. பலகையின் முகத்தில் நார்க்கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவில் ஓரத்துக்கு ஒதுங்கி வெளியேறும் பலகையைத் தொடாதீர்கள். சலிக்னா (ஒரு வகை யூகலிப்டஸ்) மலிவுதான், ஆனால் நேரான நார் உள்ள பலகை அமைவது அரிது. உங்கள் குவாசூலு-நட்டால் பக்கம் காடாக மண்டிக் கிடக்கும் கறுப்பு வாட்டில் (ஒரு வகை அக்கேசியா) கனமான, உறுதியான மரம். வெட்டியதும் முனைகளுக்குப் பெயின்ட் பூசாவிட்டால் வெடித்துவிடும். காலகாரிப் பாலைநிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த சான் பழங்குடி மக்கள் வில்லுக்கு எடுத்தது நம் சடச்சி மரத்தின் இனம். அவை நஞ்சு தோய்த்த அம்புக்கான சின்ன, இலகுவான விற்கள். அந்த அளவுகள் 40 பவுண்டு வில்லுக்குப் பொருந்தா.

பலகையில் வில்லின் உருவத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கைகள் 45 மிமீ அகலம், பாதி தூரத்துக்குப் பிறகு குறுகி நுனியில் 12. கனம் இப்போதைக்கு 16. பலகையின் கனம் போதாவிட்டால் பிடிக்கு மட்டும் வயிற்றுப் பக்கத்தில் (எய்பவரைப் பார்க்கும் பக்கத்தில்) அதே மரத்தை எப்பாக்ஸிப் பிசினால் ஒட்டி உயர்த்துங்கள். பிடி 22 மிமீ அகலம், 35 மிமீ ஆழம். மேல்கையின் பக்கம் இந்த 22 × 35, வெட்டப்போகும் கோட்டை எட்டும்போது 20 × 33 ஆகக் குறைய வேண்டும். இந்தச் சரிவுதான் பிறகு இறுகவும் கழலவும் வழிசெய்யும். வெட்டுக்கோட்டுக்குக் கீழே 20 × 33 அப்படியே தொடரட்டும். மூலைகளை 3 மிமீ உருட்டுங்கள். முழு வட்டமாக்கினால் கைகள் ஒன்றுக்கொன்று திரும்பிக்கொள்ளும்.

இனி மெல்லிய ரம்பத்தால் அறுத்து, இரண்டு துண்டையும் ஒரு நேரான பலகைமேல் கிளாம்ப் போட்டு முட்ட வையுங்கள். பிடிக்குக் கீழே கை போய்வர இடம் விட்டுக் கட்டை கொடுத்து உயர்த்தினால்தான் துணி சுற்ற முடியும். நுனிக்கு நுனி நூல் கட்டி, அது பிடியின் நடுக்கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில் அரை மணி நேரம் செலவழித்தாலும் தகும்.

மேல்கை முளைக்குப் பார்சல் டேப் ஒரு சுற்று ஒட்டி, அதன்மேல் மெழுகு தேய்த்துவிடுங்கள். கீழ்கைப் பக்கம் மரம் வெறுமையாக, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஃபைபர் கிளாஸ் துணியில் 180 மிமீ அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரே பட்டையாக வெட்டி, எப்பாக்ஸியில் நனைத்துக்கொண்டே 12 சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். கிட்டத்தட்ட 3 மிமீ கனம் வரும். மேலே பாலித்தீன் தாள், அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றினால் காற்றுக் குமிழியும் மிகுதி பிசினும் வெளியே வந்துவிடும். டர்பனில் சர்ஃப் பலகை, படகு பழுதுபார்ப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் துணியும் பிசினும் கிடைக்கும். அங்கே மலிவாகப் பாலியெஸ்டர் பிசினைத் தருவார்கள், வேண்டாம். அது மரத்தில் நன்றாகப் பிடிக்காது, காயும்போது சுருங்கும்.

மறுநாள் மேல்கையை உருவி எடுங்கள். டேப்பை உரித்துவிட்டு முளைக்கு மெல்லியதாக எப்பாக்ஸி ஒரு கோட், அறுத்த முனைக்கு இரண்டு. டேப் இருந்த இடத்தை இது நிரப்பும், ஈரத்தையும் தடுக்கும். காய்ந்ததும் முளையின் முனையில் 5 மிமீ அறுத்துவிட்டு, அந்த வெட்டு முகத்துக்கு மறுபடி எப்பாக்ஸி பூசுங்கள். முனை உள்ளே முட்டி நின்றால் சரிவு இறுகவே இறுகாது. ஆணி, போல்ட், குறுக்குத் துளை எதுவும் தேவையில்லை. நாண் ஏற்றியதும் அதன் இழுப்பே இரண்டு கைகளையும் உள்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். துளை போட்டால் அந்த இடம் பலவீனமாவதுதான் மிச்சம்.

ஒரு வாரம் ஆறவிட்டு, பிறகு வளைவுக்கு வாருங்கள். இது வழக்கமான வேலைதான்: வயிற்றுப் பக்கத்தை மட்டும் சுரண்டுங்கள், ஒவ்வொரு சுரண்டலுக்கும் பிறகு முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுங்கள், 40 பவுண்டுக்கு மேல் ஒருபோதும் இழுக்காதீர்கள். கீழ்கை 3 முதல் 5 மிமீ விறைப்பாக இருக்கட்டும், அதாவது நாணுக்கும் கைக்கும் உள்ள இடைவெளி கீழே அவ்வளவு குறைவாக இருக்கட்டும். நாண் ஒதுங்கினால் 3, 4 மிமீ வரை நாண் வெட்டை (நுனியில் நாண் மாட்டும் பள்ளத்தை) ஒரு பக்கம் ஆழமாக்கியே சரிசெய்துவிடலாம்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது ஊர்மாற்றம்தான். கடலோரக் காற்றில் மரத்தின் ஈரம் 13, 14 சதவீதத்தில் நிற்கும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் 8 அருகே இறங்கிவிடும். ஐந்து சதவீத வித்தியாசத்தில் 35 மிமீ மரம் அரை மிமீ சுருங்கலாம். எப்பாக்ஸி பூசாத முளை டர்பனில் கழலாது, அங்கே போனால் ஆடும். டர்பன் ஈரத்தோடு இழைத்த கைகள் வளைந்தபடியே நின்றுவிடும் என்பதும் உண்டு. ஆகவே இழைக்கும் முன் பலகையை வெதுவெதுப்பான அறையில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை எடை போட்டுப் பாருங்கள். முடிந்ததும் பாலியூரித்தேன் வார்னிஷ் நான்கு கோட்.

இழுக்கும்போது பிடியில் ‘டக்’ என்று கேட்டால் முளை ஆடுகிறது. மெல்லிய எப்பாக்ஸி கோட் ஒன்று, பிறகு மெழுகு, சரியாகிவிடும். உறையின் வாயில் வெள்ளைக் கோடு தெரிந்தால் கண்ணாடி நார் விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். எய்வதை நிறுத்தி, வாயைச் சுற்றி 15 மிமீ அகலத்துக்கு நூலிழை கட்டி எப்பாக்ஸி ஏற்றுங்கள். கழலாமல் அடம்பிடித்தால் நுனிகளைப் பிடித்துத் திருகாதீர்கள். உறைக்கு அருகில் இரு கையாலும் பிடித்து நேராக இழுங்கள். மூட்டும் முன் முளையைத் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் பரல் போதும் கீறிவிட.

நாண் ஏற்றியபடி வில்லை வெயிலில் நிற்கும் பக்கியிலோ (பிக்கப் வண்டியிலோ) காரிலோ விடவே கூடாது. வீட்டில் ஆறவிட்ட எப்பாக்ஸி 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும், பூட்டிய வண்டிக்குள் அந்தச் சூடு வெகு சீக்கிரம் வந்துவிடும். இளகிய உறைக்குள் முளை சாய்ந்துவிட்டால், பழைய உறையை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதுதான் வழி.

மூன்று துண்டாக, நடுப்பிடியில் இரு கைகளையும் 8 மிமீ போல்ட்டால் முடுக்கும் முறையும் உண்டு. பைக்குள் இன்னும் சின்னதாக அடங்கும். ஆனால் அது கண்ணாடி நார் ஒட்டிய கைகளுக்கு ஏற்றது. வெறும் மரத்தில் போல்ட்டின் கீழ் நார் நசுங்கி, முடுக்க முடுக்க இளகிக்கொண்டே வரும்.