காசு கொடுத்து வாங்கிய தமிழ் எழுத்துருவை இணையத்தளத்தில் ஏற்றலாமா?

கணினிக்கு வாங்கிய எழுத்துருவை இணையத்தளத்தில் பயன்படுத்தலாமா, எந்தக் கோப்பு வடிவம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வடிவம் பிறகு. முதலில் உரிமத்தை வாசியுங்கள்.

இலங்கையின் கிழக்கிலுள்ள மருதமுனையில் கைத்தறிச் சாரம் (லுங்கி) நெய்விக்கும் ஒருவருக்குத் தளம் செய்துகொடுத்தேன். கடைப் பலகையில் இருக்கும் அதே எழுத்து வேண்டும் என்றார். "காசு கொடுத்து வாங்கியதுதானே தம்பி?" "கணினிக்குத்தான் வாங்கியிருக்கிறீர்கள் காக்கா (அண்ணன்)" என்றேன். பலகையில் இருப்பது எழுத்தின் உருவம் மட்டும். தளத்தில் ஏற்றினால், வருகிறவர்களின் கைத்தொலைபேசிக்கு எழுத்துருக் கோப்பே இறங்குகிறது. அது விநியோகம். அதனால்தான் இணைய உரிமத்தைப் பலரும் தனியாக விற்கிறார்கள். விண்டோஸில் கிடைக்கும் லதா எழுத்துருவுக்கும் இதே கதைதான்: தளத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் (CSS) கோப்பில் பெயரைக் குறிப்பிடலாம், கோப்பை எடுத்து ஏற்றக் கூடாது.

எஸ்ஐஎல் (SIL) திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவந்த நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவற்றை வணிகத் தளத்திலும் தயங்காமல் ஏற்றலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது, உரிம வாசகத்தை நீக்கக் கூடாது என்பவை முக்கிய நிபந்தனைகள். அவருக்கு முக்தா மலரையே போட்டேன்.

கோப்பு வடிவத்துக்கு வோஃப்2 (WOFF2) ஒன்றே போதும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு 2018இல் பரிந்துரைத்த தரம் அது. ப்ரொட்லி (Brotli) என்ற முறையில் சுருக்குவதால் கோப்பு சிறிதாகிறது. பழைய இஓடி (EOT) வடிவம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கானது, மறந்துவிடுங்கள். கணினியில் நிறுவும் டிடிஎஃப் (TTF) கோப்பை வோஃப்2 ஆக மாற்றியதால் உரிமம் மாறிவிடாது.

தமிழில் உண்மையான ஆபத்து, தேவையற்ற பகுதிகளை நீக்கிக் கோப்பை மேலும் குறைக்கும்போதுதான் வருகிறது. 'ரு', 'மு' ஆகியவற்றுக்கு ஒருங்குறியில் (யூனிகோட்) தனி இடம் கிடையாது. மெய்யும் உகரக் குறியும் சேரும்போது எந்த உருவம் வர வேண்டும் என்பதை எழுத்துருவுக்குள் இருக்கும் ஜிசப் (GSUB) அட்டவணைதான் சொல்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரு கருவி அந்த அட்டவணையை வெட்டி எறிந்துவிட்டது. முகப்பில் 'மருதமுனை' என்ற ஊர்ப்பெயரில் ர தனியாகவும் உகரக் குறி தனியாகவும் நின்றன. தன் ஊரின் பெயரையே உடைத்துக் காட்டும் பக்கத்தை அந்த மனிதருக்கு எப்படிக் கொடுப்பது? அன்றிரவே பைஃப்ட்சப்செட் (pyftsubset) கருவியில் அட்டவணையைக் காத்து மீண்டும் செய்தேன்.

பாமினி என்ற, ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் தட்டிய பழைய விளம்பர வாசகங்களை அப்படியே ஒட்டாதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்; தமிழில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் 'கொக்கட்டிச்சோலை, மருதமுனை, ஸ்ரீ' என்று ஒரு வரி தட்டி, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் திறந்து, எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்று பாருங்கள்.