கேன்சர் வார்டில் பிசியோதெரபி: மகளின் ஆசையும் அப்பாவின் பயமும்

அன்புள்ள சகோதரிக்கு,

மகளுக்கு எம்பிபிஎஸ் கட்-ஆஃப் எட்டவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்த பாட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள், ‘கேன்சர் நோயாளிகளுக்கு பிசியோதெரபி செய்யப் போகிறேன்’ என்கிறாள். அவள் அப்பாவோ, ‘சின்னப் பிள்ளை, தினமும் அந்த வார்டிலா?’ என்று மறுக்கிறார். இதுதானே உங்கள் சிக்கல்?

அப்பாவின் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. வெளியிலிருந்து இயந்திரம் மூலம் கதிர்வீச்சு பெற்று வருபவரின் உடலிலிருந்து கதிர் எதுவும் வீசாது. மனசு கனக்கும் என்பது மட்டும் நிஜம். அவள் கைபிடித்து நடக்க வைத்த நோயாளி அடுத்த மாதம் இல்லாமல் போகலாம். இதை மகளிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள்.

சரி, அங்கே என்னதான் வேலை? என் அம்மாவுக்கும் மார்பக ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கைப்பயிற்சி பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் ‘கையைத் தூக்காதே, அலுங்காமல் இரு’ என்று பாசத்தில் சொல்லிச் சொல்லியே தோளை இறுக வைத்துவிட்டோம். 3 மாதத்தில் அம்மாவால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. அப்புறம் வந்த பிசியோதெரபிஸ்ட், அம்மாவின் விரல்களைச் சுவரில் எறும்பு ஊர்வதுபோல் ஏறவிட்டு, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். கூடத்துச் சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்க அம்மா விடுவதில்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை (நெறி கட்டும் இடத்துச் சின்ன முடிச்சுகளை) எடுத்தவர்களுக்குக் கை வீங்குவதும் உண்டு. இரண்டு கைகளையும் டேப்பால் அளந்து, அழுத்தக் கட்டுப் போட்டு வீக்கத்தைக் குறைப்பதும் பிசியோதெரபிஸ்ட்தான்.

ஆனால் எல்லாமே பிபிடி, அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டம் படித்தவர் வேலை இல்லை. புகையிலை போடும் நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகம். ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்தபின் பலருக்குத் தாடை இறுகிவிடும். வாய் 35 மில்லிமீட்டர்கூடத் திறக்காது. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்கி, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டி வாயைத் திறக்கப் பழக்குவார்கள். விழுங்கவும் பேசவும் மறுபடி கற்றுத்தருபவர் பேச்சு சிகிச்சையாளர். அதற்குப் படிப்பு பிஏஎஸ்எல்பி. கீமோவில் விரல்நுனி மரத்து, சட்டை பட்டன் போட முடியாதவருக்கு உதவுபவர் பிஓடி படித்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எலும்புப் புற்றுநோயில் கால் இழந்தவருக்குச் செயற்கைக்கால் செய்ய, பிபிஓ என்ற செயற்கை உறுப்புப் படிப்பு. இதில் எது தன்னை இழுக்கிறது என்று மகள் சொல்லட்டும். ‘கேன்சர்’ என்ற பெயர் எந்தப் பட்டத்தில் இருக்கிறது என்று தேட வேண்டாம். அடிப்படைப் பட்டம் உறுதியாக இருந்தால் போதும், மீதியை முதுநிலையிலும் வார்டிலும் கற்கலாம். வாரக்கடைசி சான்றிதழ் வகுப்புகளை நம்பி இதில் இறங்கவே கூடாது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவரைத் தவறாகத் திருப்பினால் எலும்பு முறியலாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்தவருக்கு எந்தப் பயிற்சி ஆபத்து என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ‘மாணவர்களை கேன்சர் வார்டுக்கு அனுப்புவீர்களா, எத்தனை வாரம்?’ என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். வேலூர் சிஎம்சியில் பிபிடி, பிஓடி இரண்டும் உண்டு. அங்கே 1966-இல் உடல் செயலிழந்தவர்களுக்கான மறுவாழ்வு மையம் வரக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

சம்பளத்தைப் பற்றி இனிப்பாகச் சொல்ல மாட்டேன். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் குறைவுதான். முழங்கால் வலிக்கு கிளினிக் திறப்பவருக்கு வருமானம் சீக்கிரம் வரும். இந்தத் துறையில் முதுநிலை முடித்து, பெரிய கேன்சர் மருத்துவமனையில் சேரும்வரை பொறுக்க வேண்டும். 2021-இல் வந்த துணை மருத்துவத் துறைச் சட்டத்துக்குப் பிறகு படிப்புக் காலம், சேர்க்கை விதி எல்லாம் மாறிக்கொண்டிருப்பதால், பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்த கதையைக் கேட்காமல் இந்த ஆண்டு விவரக் குறிப்பேட்டைப் படியுங்கள். நீட் மதிப்பெண் அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், இந்தப் படிப்புகளுக்கும் அது தேவைப்படலாம்.

விண்ணப்பிக்கும் முன், உங்கள் ஊர்ப் பக்கம் உள்ள கேன்சர் மருத்துவமனையில் அனுமதி கேட்டு, மகளை ஒரு நாள் பிசியோதெரபி பிரிவில் உட்கார வையுங்கள். கூடவே அவள் அப்பாவும் போகட்டும்.