மூக்கில் வடிந்த இரத்தத்தை வெயில் சூடு என்று விட்டுவிடாதீர்கள், ஆச்சி

ஆச்சி, நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தின் ஓரமாகப் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் நாய் செவலைக்குப் போன வாரம் இரண்டு முறை மூக்கிலிருந்து இரத்தம் சொட்டியது என்றும், சித்திரை வெயிலின் சூடாக இருக்கும் என்று தலையில் தண்ணீர் ஊற்றினேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெயிலில் படுத்துக் கிடந்ததால் நாய்க்கு இப்படி மூக்கில் இரத்தம் வடிவதில்லை. காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி மொய்த்திருக்கும் நாய்க்கு மூக்கில் இரத்தம் வந்தால், பரிசோதனை வேறு காரணத்தைக் காட்டும் வரையில் அதை உண்ணிக் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்த அன்றே, வெயில் ஏறுமுன், அதைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பொங்கல் கழிந்த கையோடு மூன்று நாள் தீனி எடுக்காமல் சுருண்டு கிடந்தது, பிறகு தானே தேறிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்தத் தேறுதல்தான். உண்ணி கடிக்கும்போது உள்ளே செல்லும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரி வெள்ளை அணுக்களுக்குள் குடியேறி, ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலையும் சோர்வையும் உண்டாக்கும். மருந்தே கொடுக்காவிட்டாலும் பல நாய்களுக்கு அந்தக் காய்ச்சல் இறங்கிவிடும். நாய் வழக்கம்போல் தின்று, குரைத்து, வாலாட்டிக்கொண்டிருக்கும். நோய் போய்விட்டதாக வீட்டார் நம்பியிருக்கும் அந்த மாதங்களில் அது உடலுக்குள்ளேயே தங்கியிருந்து, சில நாய்களில் எலும்பு மஜ்ஜை வரை சென்று, இரத்தம் ஊறும் இடத்தையே கெடுத்துவிடுகிறது. டெங்குக் காய்ச்சலின்போது நாம் கேட்டுப் பழகிய, இரத்தத்தை உறைய வைக்கும் அதே தட்டணுக்கள் இந்த நோயிலும் குறைகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை வெகுவாகக் குறையும்போது மூக்கில் இரத்தம் வடியலாம். மஜ்ஜை கெட்ட நிலையில் என்னிடம் வந்த நாய்களில் பலவற்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அவற்றை அழைத்துவந்த எல்லோரும், சில மாதங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து தானாகவே சரியாகிவிட்டது என்றுதான் தொடங்கினார்கள்.

கிளம்புமுன் அதன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருந்தால் கீழ் இமையை இறக்கி உட்புறத்தைப் பாருங்கள். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தாலும், அடிவயிற்றில் கொசுக்கடி போன்ற சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும், வெயிலையும் பார்க்காமல் உடனே கிளம்பிவிட வேண்டும். சிறுநீர் அந்த நிறத்தில் போனால் உண்ணி கொண்டுவரும் மற்றொரு நோயான பேபீசியாவாக இருக்கலாம். அது சிவப்பணுக்களை உடைக்கும். அதற்கு மருந்தும் வேறு. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. இரத்தம் பார்க்காமல் மருந்து கேட்டால் நான் எழுதித்தர மறுப்பதற்கு இதுவே காரணம். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதும் தட்டணுக்களை எண்ணுவதும் பெரிய செலவில்லை. எர்லிக்கியா என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுக்கப்படுகிறது. இரண்டு மூன்று நாளிலேயே நாய் எழுந்து தீனி கேட்கும். அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். நீங்கள் நிறுத்தாதீர்கள், வெறும் வயிற்றில் கொடுக்காமல் சோற்றோடு கொடுங்கள்.

இனி, நீங்கள் செய்தவையும் செய்யவிருப்பவையும். கால் நொண்டுகிறதே என்று உங்கள் மூட்டு வலி மாத்திரையில் பாதியைக் கொடுத்தீர்களாம். தட்டணுக்கள் குறைந்த நாய்க்கு அந்த வகை மாத்திரை இரத்தக்கசிவைப் பெருக்கும். இன்னொரு பாதியைக் கொடுக்கவே வேண்டாம். காணொளியில் சொன்னார்கள் என்று பூண்டை அரைத்துச் சோற்றில் பிசைந்து வைக்கிறீர்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஏற்கெனவே இரத்தம் குறைந்திருக்கக்கூடிய உயிருக்கு இதைவிடத் தீங்கு தேடிச் செய்ய வேண்டியதில்லை. வேப்பெண்ணெயில் சூடமும் மண்ணெண்ணெயும் கலந்து தடவினால் நாய் அதை நக்கித்தான் தீரும். சூடம் வலிப்பைக் கொண்டுவரும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். உண்ணிக்கென்று கடைக்காரர் கொடுத்த ஐவர்மெக்டின் ஊசி, 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்ற கணக்கில் மாட்டுக்கென்று செய்யப்பட்டது. 15 கிலோ நாய்க்கு அதைக் கண்ணளவில் ஏற்றி, கால் தள்ளாடிப் பார்வை மங்கி நினைவிழந்த நிலையில் தூக்கிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போடுகிறவர் யாராக இருந்தாலும், அந்தப் புட்டியை இனி வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பூனைக்கும் சேர்த்து என்று நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்தை எடுத்து வைத்திருக்கிறீர்கள். அட்டையில் பெர்மெத்ரின் என்று இருந்தால் அது பூனைக்கு நஞ்சு. அதை உடைத்து முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. சில மணி நேரத்தில் உடல் நடுங்கி வலிப்பு வரும். பூனைக்கென்று தனியாக மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் என்ற எண்ணமும் பூனை விஷயத்தில் கூடவே கூடாது.

வாரந்தோறும் உண்ணியைப் பிடுங்கியும் மறுவாரம் அதே அளவு ஏறிவிடுகிறதே என்று வருந்துகிறீர்கள். நாயின் மேல் நீங்கள் காண்பது ஒரு சிறு பங்குதான். மற்றவை எல்லாம் உங்கள் வீட்டில் இருக்கின்றன. இந்த உண்ணி குஞ்சாக ஒரு முறை, இளம் பருவத்தில் ஒரு முறை, முதிர்ந்த பின் ஒரு முறை என்று மூன்று தடவை நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி இடுக்குகளில் ஒளிகிறது; பெண் உண்ணி இறங்கி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. முட்டைச்சாந்து பூசி மெருகேற்றிய உங்கள் சுவர்களில் அதற்கு இடமில்லை. ஆனால் தேக்கு நிலைக்கும் சுவருக்கும் நடுவே, பெயர்ந்துபோன ஆத்தங்குடித் தரைக்கல்லின் விளிம்பில், முகப்புத் திண்ணையின் வெடிப்பில், வளவைச் சுற்றிப் பங்காளிகள் பூட்டிச் சென்றிருக்கும் அறைகளின் வாசற்படிக்கடியில், தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் அது உயிரோடு காத்திருக்கும். ஒரு நாள் மருந்தடித்து இதை முடிக்க முடியாது. நாய் படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, துவைக்கக்கூடிய துணியை மட்டும் விரித்து வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசுங்கள். வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிடுங்கள். இரத்தப் பரிசோதனை முடிந்ததும், கடிக்கிற உண்ணி தானே சாகும்படியான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். மாதம் ஒரு முறை கொடுப்பதும், 12 வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பதும் உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இடைவெளி விடாமல் ஆறு மாதமாவது கொடுத்தால், வீட்டில் ஒளிந்திருப்பவை ஒவ்வொன்றாக நாயைக் கடித்துத் தாமே அழியும். பிடுங்கும்போது இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள்.

செவலையின் மலத்தில் அரிசி போல் ஏதோ தெரிகிறது என்கிறீர்கள்; அவை நாடாப்புழுவின் துண்டுகள். தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்குவதால் வருகிறது. பிராசிகுவாண்டல் சேர்ந்த மாத்திரை ஒன்றில் தீரும், தெள்ளு ஒழிந்தால் திரும்ப வராது. புல் தின்பதும் எப்போதாவது பின்புறத்தைத் தரையில் தேய்ப்பதும் கடிதத்தில் ஒரு பக்கத்தைப் பிடிக்கும் அளவுக்குப் பெரிய விஷயங்கள் இல்லை. நாய் முடி வயிற்றுக்குள் போனால் புழு வளரும் என்பது உண்மையன்று.

நான்கு பக்கமும் எழுத வைத்த கேள்வி எதுவென்று எனக்குத் தெரிகிறது. ஜூன் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வருமுன் செவலையை எங்காவது விட்டுவிட வேண்டுமா என்று, மருமகள் கேட்டதாகக் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் நாயைத் தொடுவதால் பிள்ளைகளுக்கு வராது. பிள்ளைகளைப் பொறுத்தவரை நான் பொருட்படுத்துவது உருளைப்புழுவையும் கொக்கிப்புழுவையும்தான், அவையும் மண் வழியாக வருபவை. உருளைப்புழுவின் முட்டை நாயின் மலத்தோடு விழுந்தவுடன் தொற்றாது; தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரம் அளவுக்கு ஆகும். ஆகையால் பின்கட்டு மணலில் கிடப்பதை அன்றன்றைக்கே அள்ளிக் குழியில் மூடிவிட்டால் பெரும்பாலான அபாயம் அங்கேயே நின்றுவிடும். கொக்கிப்புழுவின் குஞ்சு சில நாட்களிலேயே வெறுங்காலின் தோல் வழியாக நுழையக்கூடியது என்பதால் பிள்ளைகள் அந்த மணலில் செருப்போடு விளையாடட்டும், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். உடல் தேறியதும் மருத்துவர் சொல்லும் நாளில் குடற்புழு நீக்க மருந்தும், பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுங்கள். தெருவில் ஈன்ற குட்டி ஒன்றைப் பிள்ளைகளுக்காக எடுத்து வளர்க்கலாமா என்கிறீர்கள். தாயின் வயிற்றிலேயே புழு ஏறிவரும் என்பதால் குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே மருந்து தேவை. செவலை பிழைத்து எழட்டும், பிறகு அதைப் பற்றிப் பேசுவோம்.

மருத்துவமனைக்குப் போகும்போது மூட்டு வலி மாத்திரையின் அட்டையையும் அந்த ஊசிப் புட்டியையும் கையோடு கொண்டுபோய், எதை, எவ்வளவு, என்றைக்குக் கொடுத்தீர்கள் என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தட்டணு எண்ணிக்கை தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.