வாலில்லாத வினைச்சொல்: கோத்தகிரி டீச்சரிடம் சில கேள்விகள்

இருபத்தாறு வருடம் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தியவள் நான். வாக்கியம் அமைப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். 'வென்ட் டு ஊட்டி யெஸ்டர்டே' என்று எழுதினாள். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். தமிழில் 'நேற்று ஊட்டிக்குப் போனேன்' என்றால் முழு வாக்கியம்தானே டீச்சர்? – ஒரு அம்மா, குன்னூர்

தமிழில் முழு வாக்கியம்தான் அம்மா. 'போனேன்' என்பதன் வாலைப் பாருங்கள். போனேன் என்றால் நான், போனாள் என்றால் அவள், போனோம் என்றால் நாங்கள். ஆள் யார் என்பதை அந்த வால் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஐ வென்ட், ஷி வென்ட், தே வென்ட், எல்லாருக்கும் ஒரே 'வென்ட்'தான். அதனால் ஆளை முன்னால் நிறுத்தியாக வேண்டும். அதுதான் சப்ஜெக்ட். பழைய ஆங்கிலத்தில் வினைக்கு நிறைய வால் இருந்தது. தேய்ந்து தேய்ந்து நிகழ்காலத்தில் ஒரு 'எஸ்' மிஞ்சியிருக்கிறது: 'ஷி ப்ளக்ஸ் டீ'. பிள்ளைகள் மறப்பதும் சரியாக அந்த 'எஸ்'ஸைத்தான்!

'இட் இஸ் ரெயினிங்' என்பதில் 'இட்' யார் மிஸ்? – எட்டாம் வகுப்பு, கூடலூர்

யாருமில்லை கண்ணு. பஸ்ஸில் ஆள் ஏறுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போடுவார்களே, அந்தத் துண்டுதான் 'இட்'. சப்ஜெக்ட் சீட் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 'இட் இஸ் கோல்ட்' என்பதிலும் அதே துண்டுதான். கூடலூர் மழையில் இந்த ஒரு வாக்கியத்தை மாதக்கணக்கில் பழகலாம்.

'மை ஃபாதர் டிரைவர்' ஏன் தப்பு?

'என் அப்பா டிரைவர்' என்பதில் வினையே இல்லை. தமிழ் அதை ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலம் ஏற்காது. 'மை ஃபாதர் இஸ் எ டிரைவர்'.

பையனுக்கு எல்லா வார்த்தையும் தெரிகிறது, வரிசைதான் தாறுமாறு. என்ன செய்யலாம்? – ஒரு அப்பா, கோத்தகிரி

உங்கள் ஊர்க்காரிதானே, இங்கே நடப்பதையே எடுத்துக்கொள்கிறேன். 'சிறுத்தை நாயைத் துரத்தியது.' 'நாயைச் சிறுத்தை துரத்தியது.' எப்படிப் புரட்டினாலும் பாவம் நாய்தான் ஓடும். 'நாயை' என்பதில் உள்ள 'ஐ' அதைக் காப்பாற்றவிடாது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது. 'தி லெப்பர்ட் சேஸ்ட் தி டாக்' என்பதில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் நாய் சிறுத்தையைத் துரத்தும்! நின்ற இடத்தை வைத்துத்தான் வேலை.

வகுப்பில் பழைய காலண்டர் அட்டையை வெட்டி மூன்று பேர் கையில் கொடுப்பேன்: லெப்பர்ட், சேஸ்ட், டாக். வரிசையாக நிற்பார்கள். ஓரத்தில் நிற்கும் இருவரை இடம் மாறச் சொல்லிவிட்டு வாசிக்கச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஒரு தடவை 'டாக்' அட்டை வைத்திருந்த பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அப்புறம் அவன் வரிசை தப்பியதே இல்லை. 'ஹி', 'ஹிம்' போன்ற சில சொற்கள் மட்டும் இடத்துக்குத் தக்கபடி உருவம் மாறும்.

அப்படியானால் 'க்ளோஸ் தி டோர்' என்பதில் சப்ஜெக்ட் எங்கே?

நல்ல கேள்வி. எதிரே நிற்பவரிடம்தானே சொல்கிறோம்? 'யூ' ஒளிந்திருக்கிறது. கட்டளைக்கு மட்டும் இந்தச் சலுகை.

'பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்.' முற்றுப்புள்ளி வைத்தும் மார்க் குறைத்துவிட்டார்கள்.

'பஸ் லேட்டானதால்.' இப்படிச் சொல்லி நிறுத்திப் பாருங்கள். கேட்பவர் 'அதனால்?' என்று உங்கள் முகத்தையே பார்ப்பார். சப்ஜெக்டும் வினையும் இருந்தாலும் 'பிகாஸ்' வந்து அதைத் தொங்கவிட்டுவிட்டது. பேச்சில் பதிலாகச் செல்லும். பரீட்சைத் தாளில் 'ஐ வாஸ் அப்சென்ட்' என்று எதையாவது சேர்த்து முடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் படுகு பேசுகிறோம், பள்ளியில் தமிழ். மூன்றாவதாக ஆங்கிலம் என்றால் பிள்ளை குழம்பாதா அக்கா?

குழம்பாது. படுகும் திராவிட மொழிதான். அதிலும் வினை கடைசியில் வரும், வாலும் உண்டு. புத்தகத்தில் உள்ள விளக்கத்தை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இரவு சாப்பிடும்போது படுகில் ஒரு வாக்கியம் சொல்லி, 'இதில் ஆள் எங்கே ஒளிந்திருக்கிறார்?' என்று கேளுங்கள். கண்டுபிடித்ததும் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். ஆளை முன்னால் இழுத்து நிறுத்த வேண்டும் என்று பிள்ளைக்கே தோன்றும்.