கையில் இருக்கும் சேமிப்பைத் துணிக்கு வையுங்கள்

ஃபேஷன் டிசைன் கட்டணத்துக்குக் கடன் கிடைத்துவிட்டது, சேமிப்பில் லேப்டாப் வாங்கவா, தையல் மெஷின் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

பலரைக் கவிழ்ப்பது துணிச் செலவுதான். ஒரு கோட் தைக்க வேண்டும் என்றால் எடுத்தவுடன் நல்ல துணியில் கத்தரி வைக்க முடியாது. முதலில் காடாத்துணியில் மாதிரி தைக்க வேண்டும். கைக்குழி இழுக்கும், தோள் சரியும். பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சை, திருத்தி இன்னொரு மாதிரி. அதற்குள் 5 மீட்டர் போயிருக்கும். அப்புறம்தான் அசல் துணி, உள்துணி, விறைப்புக்கு உள்ளே வைக்கும் கேன்வாஸ், ஜிப், பொத்தான். கடைசி வருடத் தொகுப்பில் இப்படிப் பல உடைகள் வரும்; கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெஷினைப் பொறுத்தவரை, பயிற்சிக்கூடம் மாலையிலும் திறந்திருக்குமா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். இல்லையென்றால் நேர்த்தையல் போடும் பழைய மெஷின் ஒன்று போதும். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் எல்லாம் பிறகு. வரைபடங்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இலவசம், சாதாரண கணினியிலும் ஓடும்.

கஞ்சத்தனம் கூடாத ஒரே பொருள் துணிக்கத்தரி. நல்லதாக வாங்குங்கள், அதில் காகிதம் வெட்ட யாருக்கும் கொடுக்காதீர்கள் (நான் கொடுத்தேன், போச்சு).

சேரும் முன், துணி, பிரிண்ட், இறுதிக் காட்சிக்கான செலவு இவையெல்லாம் கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.